பவளப்பாறைகள் வெளிறிவரும் காலத்தில் ஸ்கூபா கற்கத் தொடங்கலாமா?

கேள்வி: கரைவாசி, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், வரும் ஏப்ரல் இறுதியில் அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்கிற்குச் சென்று, நானும் பதின்மூன்று வயது மகளும் ஸ்கூபாவின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் பயிற்சி பெறலாம் என்று எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் நன்றாக நீந்த வரும். ஸ்கூபாவில் இதுவே முதல் முயற்சி.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் எங்கள் உற்சாகத்தை அடியோடு குறைத்துவிட்டார். அவர் 2009-இல் அங்கே கற்றவர். அண்மையில் மீண்டும் போய் வந்திருக்கிறார். முன்பு மான்கொம்புப் பவளங்கள் அடர்ந்து நின்ற ஆழமற்ற பகுதிகள் பல இன்று உடைகற்குவியலாகக் கிடக்கின்றன என்றும், இந்தச் செலவுக்கு வேறு ஏதாவது செய்யலாம் என்றும் சொல்கிறார். வெப்பத்தால் பவளங்கள் நிறமிழந்து வெளுக்கும் 'வெளிறல்', உலக அளவில் நான்காவது நிகழ்வாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதைப் பற்றிய செய்திகளையும் அதன் பிறகு தேடிப் படித்தேன்.

நான் அறிய விரும்புபவை இவைதாம். என் மகள் முப்பது வயதை எட்டும்போது, பவளப்பாறையைப் பார்ப்பதற்காக ஸ்கூபா செய்வது என்ற ஒன்று எஞ்சியிருக்குமா? மேற்பரப்பு நீர்தான் சூடாகிறது என்றால், இன்னும் ஆழத்திற்குச் சென்று பார்த்துக்கொள்ள முடியாதா? ஏற்கெனவே நலிந்து கிடக்கும் ஒரு பாறைத்தொடரில் என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் இறங்குவது முறைதானா? கடலில் தொழில் செய்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் இங்கே இருப்பதால், பயண முகவர்கள் சொல்லும் விளம்பர விடைகளைத் தவிர்த்து நேரான விடைகள் கிடைக்கும் என்று நம்புகிறேன்.


பதில் 1: நீரடிப் பயிற்றுநர், ஸ்வராஜ் தீவு

வணக்கம் ஐயா. உங்கள் நண்பர் சொன்னதில் மிகை இல்லை, ஆனால் அவர் சொன்னது பாதிதான். கடல் சூடாவதால் ஸ்கூபாவில் முதலில் அடிபடுவது அனுபவசாலிகளின் கடல் அல்ல, தொடக்கநிலையினரின் கடல்தான். பவளத்தை வெப்பம் மட்டும் வெளிறச் செய்வதில்லை. வெப்பமும் கடும் வெயிலும் சேரும்போதுதான் பாதிப்பு உச்சத்தை அடைகிறது. ஆகவே இரண்டு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரையிலான ஆழத்தில் வளரும் கிளைப் பவளங்களும் மேசைப் பவளங்களும்தான் முதலில் மடிகின்றன. சான்றிதழ் இல்லாமல் ஒருநாள் அனுபவத்திற்காக வருபவர்களை நாங்கள் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை. ஓப்பன் வாட்டர் முடித்தவர்களுக்கு எல்லை 18 மீட்டர். எங்கள் தொழிலுக்குப் பெரும்பகுதி வருமானம் தருவதும், அதிகமாக அழிந்திருப்பதும் அந்த ஒரே ஆழப் பகுதிதான்.

2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடலில் மேற்பரப்பு வெப்பநிலை 31 பாகை செல்சியஸைத் தாண்டியது. அவ்வாண்டு வெளிறிய ஆழமற்ற பாறைகளில் பல இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதே நேரத்தில், ஏறத்தாழ 20 மீட்டரிலும் அதற்குக் கீழும் இருக்கும் டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களில் மீன்கூட்டமும் மென்பவளங்களும் கடல்விசிறிகளும் இன்றைக்கும் குறைவில்லாமல் இருக்கின்றன. அங்கே போய் வந்தவர் அந்தமான் செழிப்பாக இருக்கிறது என்பார், கரையோரத்தில் கற்றவர் எல்லாம் போய்விட்டது என்பார். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

வெளிறல் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கை மூலம் அதற்குப் பெரும்பங்கு உணவைத் தருகிறது. நிறத்தைத் தருவதும் பெரும்பாலும் அதுவே. வெப்பம் மிகும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. சில இனங்கள் முழுவதுமாக வெளுக்கும் முன், அல்லது வெளுக்கும்போது, ஒளிரும் ஊதாவாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறும். படகில் ஏறியதும் "இவ்வளவு அழகான நிறத்தை எங்கும் கண்டதில்லை" என்று மகிழ்ந்து படத்தைக் காட்டும் விருந்தினரிடம், அது பட்டினியில் இருக்கும் பவளம் என்று விளக்குவது எங்கள் வேலையில் ஒரு சங்கடமான பகுதி. சில வாரங்களில் வெப்பம் தணிந்தால் பாசி திரும்பிவிடும், பவளமும் பிழைக்கும். தணியாவிட்டால் அதன்மேல் பழுப்பு நிறப் பாசி மெல்லிய மயிர்போலப் படரும். ஓரிரு ஆண்டுகளில் அலை அதை உடைத்துப் பொடியாக்கிவிடும்.

ஆழத்திற்குப் போய்விடலாமே என்ற கேள்விக்கு என் தொழில் சார்ந்த விடை இது. பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. பத்து மீட்டரில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் சிலிண்டர் முப்பதில் அரை மணிதான் வரும். காற்று மிஞ்சினாலும், பரவலாகப் பயன்படும் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்க முடிகிற ஒருவர் 30 மீட்டரில் 20 நிமிடத்தில் ஏறத் தொடங்கவேண்டும், இல்லையென்றால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் ஆபத்தாகிவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லும் பேச்சுக்கே இப்போதைக்கு இடமில்லை.

இன்னொன்று: ஏப்ரல் இறுதியை மறுபரிசீலனை செய்யுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வருவதற்கு முந்தைய அந்த வாரங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், பள்ளி விடுமுறைக் கூட்டம் முழுவதும் அப்போதுதான் வருகிறது. பவளம் வெப்பத்தில் தவிக்கும் வாரங்களும் அவையே.


பதில் 2: மன்னார் வளைகுடா ஆய்வாளர், தூத்துக்குடி

பயிற்றுநர் தொழில் சார்ந்து சொன்னதற்கு அறிவியல் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலில் ஆழம் பற்றி. முப்பது மீட்டருக்குக் கீழே, ஒளி மங்கும் பகுதியில் வளரும் பவளங்கள் வெப்பத்திலிருந்து தப்பிவிடும் என்ற நம்பிக்கை நீண்ட காலம் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில், 2019-இன் பிற்பகுதியில், ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம் வரை வெளிறல் பதிவானது. மேற்பரப்பில் அப்போது பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதுதான் வியப்பு. இந்தியப் பெருங்கடலின் இருமுனை அலைவு (அதன் மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும் மாறி மாறிச் சூடாவது) காரணமாக வெந்நீர் அடுக்கு தடித்துக் கீழே இறங்கியிருந்தது. மேலும், ஆழத்தில் வாழும் இனங்களும் மேலே வாழும் இனங்களும் பெருமளவு வேறானவை. மேலே மடிந்தவற்றுக்குக் கீழே உள்ளவை விதைச்சேமிப்பாக அமையும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை, இரண்டு வெளிறல்களுக்கு இடையே கிடைக்கும் அவகாசத்தில் இருக்கிறது. வேகமாக வளரும் கிளைப் பவளங்களே ஒரு பேரழிவிலிருந்து மீளப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. பெரிய மூளைப் பவளங்களுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பாறைத்தொடர் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தித்த கடும் வெளிறலை, இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திக்கிறது. நம் பக்கத்து லட்சத்தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெளிறல்களுக்குப் பிறகு அங்கே உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது, அதன் மேல் 2024-உம் வந்தது. ஒவ்வொரு முறையும் இறப்பின் அளவு சற்றுக் குறைந்தே காணப்பட்டது என்பது ஆறுதலான செய்திபோலத் தோன்றும். வெப்பம் தாங்காத இனங்கள் ஏற்கெனவே போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடக்கூடாது.

காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, புவி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டிற்கும் மேலும் இழக்கப்படும் என்று கணித்தது. 2023 சனவரிக்குப் பின் தொடர்ந்த நான்காவது நிகழ்வில், 2025 வசந்த காலத்திற்குள் உலகப் பவளப்பாறைப் பரப்பில் ஏறத்தாழ 84 விழுக்காடு வெளிறல் அளவுக்கான வெப்பத்தைச் சந்தித்திருந்தது. ஆகவே உங்கள் மகள் முப்பது வயதில் ஸ்கூபா செய்வார், பவளங்களையும் பார்ப்பார். ஆனால் பெரும்பாலான இடங்களில் வெப்பம் தாங்கும் சில இனங்களின் உருண்டைத் திட்டுகளையும், இடையிடையே பாசியையும் பஞ்சுயிரிகளையும்தான் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதே நேர்மையானது. பவள மொட்டுகளைத் தின்று வாழும் பட்டாம்பூச்சி மீன்களும், கிளைகளுக்குள் ஒளிந்து வளரும் சிறுமீன்களும் குறையும். பாசி மேயும் கிளிமீன்கள் சில காலம் பெருகவும் கூடும். "மீன் நிறையவே இருக்கிறதே" என்று வருபவர்கள் சொல்வது பல நேரங்களில் இதனால்தான்.

நட்டு வளர்த்து மீட்டுவிடலாம் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு சொல். மன்னார் வளைகுடாவில் தேசியக் கடற்பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு, பல ஆண்டுகள் நடந்த பவளக்கல் வெட்டலுக்குப் பின் நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை இறக்கியதில் அலையின் வேகம் தணிந்தது, மணல் சேர்ந்தது, மீனும் வந்தது. இவை உண்மையான பலன்கள். கடல்நீரே சூடானால் நட்ட பவளமும் சேர்ந்துதான் வெளிறும். 2023 கோடையில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கடலடி நாற்றங்கால்களில் வளர்த்த பவளங்களை அவசர அவசரமாக எடுத்துக் கரையில் உள்ள தொட்டிகளுக்கு மாற்றவேண்டியதாயிற்று.

நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய கருவி ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் நோவா நிறுவனம், பவளக் கடற்பகுதிகளில் திரண்டிருக்கும் வெப்ப அழுத்தத்தை வார அளவில் கணக்கிட்டு வரைபடமாக இலவசமாக வெளியிடுகிறது. வழக்கமான உச்சக் கோடை வெப்பத்திற்கு மேல் ஒரு பாகை கூடுதலாக நான்கு வாரம் நீடித்தால் வெளிறல் தெரியத் தொடங்கும். எட்டு வாரத்திற்குச் சமமான வெப்பம் சேர்ந்தால் இறப்பு தொடங்கும். விமானச் சீட்டு எடுக்கும் முன் வானிலை பார்ப்பவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.


பதில் 3: கீழைக்கரைச் சுழியோடி, திருகோணமலை

மேலே எழுதிய இருவரும் முருகைக்கற்பாறைகளை, அதாவது பவளப்பாறைகளைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார்கள். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் மாற்றம் வேறு திசையிலும் நடக்கிறது: சுழியோடிகள் பாறைகளை விட்டு மூழ்கிய கப்பல்களை நாடத் தொடங்கியிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அது பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்டது, தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 20 மீற்றரைச் சற்றுக் கடந்த ஆழத்திலேயே கிடக்கிறது. அதன் இரும்புச் சட்டங்களைச் சுற்றிக் களவாய்களும் கூட்டமாகத் திரியும் வெள்ளி மீன்களும் நிறைந்திருக்கும். இரும்பின்மேல் குடியேறுபவை பெரும்பாலும் மென்பவளங்களும் பஞ்சுயிரிகளும் கடல்விசிறிகளும் ஆகையால், ஆழமற்ற கற்பவளத் திட்டுகளைப் போல ஒரே கோடையில் தோற்றம் அடியோடு மாறிவிடுவதில்லை.

அதற்காக, எங்கும் பழைய கப்பல்களை மூழ்கடித்து அவற்றைப் பாறைகளுக்கு மாற்றாக்கிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கப்பல் மீனைத் திரட்டித் தரும். மணலை உண்டாக்கித் தராது, அலையை மறித்துக் கரையைக் காக்காது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் சுழியோடக்கூட வருவதில்லை. இடுப்பளவு நீரில் முகமூடியோடு மிதக்கவே வருகிறார்கள். 1998-இல் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் மாண்டபோது எங்கள் பக்கம் பெரிதும் தப்பியது என்பதால், அதன் மீதான நெருக்கடியும் அதன் பிறகு கூடியது. ஓரிடம் தப்பினால் கூட்டம் அங்கே திரும்பும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். செங்கடலின் வடமுனையில் வெப்பம் தாங்கும் பவளங்கள் இருப்பதாகச் செய்திகள் வரும்போதெல்லாம், அங்கே இனி எத்தனை படகுகள் போகும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வெப்பம் ஒன்றே எதிரியும் அல்ல. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரையெங்கும் அவை மணலோடு மணலாகக் கலந்தன. பருப்பளவுகூட இல்லாத அந்த வெள்ளை மணிகளைச் சல்லடையால் சலித்துத்தான் எடுக்க முடிந்தது. இன்றைக்கும் கரை மணலைக் கிளறினால் தட்டுப்படும்.

உங்கள் பயண நாட்களுக்கு ஒரு யோசனை: எங்கள் கரையில் ஏப்ரல் முற்பகுதி தொடங்கி செப்டம்பர் வரை கடல் தெளிவாக இருக்கும். ஆனால் முதல் மாதங்கள் வெப்பமானவை, ஆகவே பயிற்றுநர் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். யூலைக்குப் பின் வருவது நல்லது.


பதில் 4: அலையோடு, பூக்கெட்

தாய்லாந்தில் வேலை பார்க்கும் தமிழன் என்ற முறையில், இங்கே கண்ட மாற்றத்தைச் சொல்கிறேன். ஸ்கூபாவை முதலில் மாற்றப்போவது வெப்பத்தைவிட, வெப்பத்தை முன்னிட்டு வரும் விதிமுறைகள்தான் என்பது என் எண்ணம். 2010 வெளிறலுக்குப் பின், 2011 சனவரியில் இந்நாட்டு அரசு ஏழு கடற்பூங்காக்களில் புகழ்பெற்ற 18 இடங்களை மூடியது. 2016-இல் தாச்சாய் தீவு மூடப்பட்டது. மாயா விரிகுடாவை 2018-இல் மூடி, 2022 சனவரியில்தான் திறந்தார்கள். பவளத்திற்குத் தீங்கு தரும் நான்கு வேதிப்பொருள்களைக் கொண்ட வெயில்காப்புக் களிம்புகள் கடற்பூங்காக்களில் 2021 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2025-இல் வந்த புதிய விதிகள், போதிய அனுபவமோ மேல்நிலைச் சான்றிதழோ இல்லாதவர்கள் நீருக்குள் கேமரா கொண்டுசெல்வதையே கட்டுப்படுத்துகின்றன. முதல் டைவிலேயே படமெடுக்க வேண்டும் என்று வருகிற நம் ஆட்களுக்கு இது மிகுந்த ஏமாற்றம், எனக்கோ மகிழ்ச்சி. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் இருக்கும் பவளத்தைக் காலில் மாட்டிய துடுப்பால் (ஃபின்) உதைத்து உடைப்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மூடுவதால் கடல் குளிர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. குளிராது. ஆனால் வெளிறிய பவளத்திற்கு எஞ்சியிருக்கும் சிறு ஆற்றலை, கிளறிவிட்ட மணலைத் துடைப்பதிலும் நங்கூரம் உடைத்த காயத்தை ஆற்றுவதிலும் செலவழிக்காமல் இருக்க அது உதவும். நடைமுறையில் உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், குறிப்பிட்ட ஓரிடத்தைப் பார்ப்பதற்காகவே முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டிவிடாதீர்கள். இங்கே ஒரு நிறுவனத்திடம் மூன்று நாள் படகுப் பயணத்திற்குப் பணம் கட்டியிருந்தேன். புறப்படும் முந்தைய வாரம் இடம் மூடப்பட்டது. வேறிடம் அழைத்துப் போகிறோம் என்றார்களே தவிர, பணத்தைத் திருப்பித் தரவில்லை. மூடப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.


கரைவாசி

நால்வருக்கும் மிக்க நன்றி. ஏப்ரலைக் கைவிட்டுவிட்டோம். வரும் பிப்ரவரியில் மகளுக்கு நான்கைந்து நாள் விடுப்பு வாங்க முடியும் என்று தோன்றுகிறது. பயிற்றுநர் ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி: அந்தக் குறுகிய நாட்களில் முழுப் பயிற்சியையும் முடிக்க முடியுமா? கற்றுக்கொள்ளும் காலத்தில் பவளத்தின் மேல் மோதாமல் இருப்பதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?


நீரடிப் பயிற்றுநர்

பிப்ரவரி நல்ல தேர்வு. நீர் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் நீரடி உடை) போதும். பாடப்பகுதியையும் நீச்சல்குளப் பயிற்சியையும் சென்னையிலோ புதுச்சேரியிலோ முன்னரே முடித்து, பரிந்துரைக் கடிதத்துடன் வாருங்கள். இங்கே கடலில் செய்யவேண்டிய நான்கு டைவ்கள் மட்டும் எஞ்சும். அவற்றுக்கு இரண்டு நாள் போதும்.

குளத்தில் மிதவைக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு கூடுதலாகக் கேளுங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், கையை ஆட்டாமல், மூச்சை மட்டும் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க இருவருக்கும் வரவேண்டும். இடுப்பு எடையைத் தேவைக்கு மேல் கட்டுவதுதான் புதியவர்கள் கீழே அமிழ்ந்து பவளத்தில் விழுவதற்கு முதற்காரணம்; ஆகவே எடைச் சோதனையை உங்கள் சொந்த வெட்சூட்டுடன் செய்துபார்த்து, எத்தனை கிலோ என்று லாக் புக்கில் குறித்துக்கொண்டு வாருங்கள். கடல்நீரில் மிதப்பு கூடும் என்பதால் இங்கே ஒன்றிரண்டு கிலோ சேர்க்கவேண்டியிருக்கும். முதல் இரண்டு டைவ்களைப் பாறையிலிருந்து விலகிய மணற்பரப்பில் வைக்கும்படி உங்கள் நிலையத்திடம் கேளுங்கள்; பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.